ஆப்டிகல், ஃபெட், விசிஏ, வேரி-மியூ: கம்ப்ரசர்களில் ஏன் இத்தனை வகை?

ஒலிப்பதிவில் உரத்த பகுதிகளை அடக்குவதுதான் எல்லாக் கம்ப்ரசருக்கும் வேலை என்றால் இத்தனை வகை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அடக்கும் வேகமும் விதமும் வேறு என்பதால்தான்.

ஆப்டிகல் வகையில், உள்ளே வரும் சிக்னல் ஒரு சிறு ஒளிப்பலகையை எரியவைக்கும். அந்த வெளிச்சம் பட்டதும் எதிரிலுள்ள ஒளியுணர் மின்தடையின் அளவு மாறி, ஒலி தணியும். எல்ஏ-2ஏ என்ற கம்ப்ரசர் இதில் புகழ்பெற்றது. உரத்த பகுதி முடிந்ததும், அடக்கியதில் பாதியைச் சுமார் 60 மில்லி விநாடியில் விட்டுவிடும். மீதியை விடுவிக்கச் சில விநாடிகள்கூட எடுத்துக்கொள்ளும். இந்தச் சோம்பல்தான் பாடும் குரலுக்கு அழகு.

ஒரு வகை டிரான்சிஸ்டரால் அடக்கும் ஃபெட் வகை நேரெதிர். பில் புட்னம் வடிவமைத்து 1967இல் வந்த 1176 என்ற கம்ப்ரசர், 20 மைக்ரோ விநாடியிலேயே பாய்ந்து பிடித்துவிடும். அதில் அட்டாக் (எவ்வளவு வேகமாக அடக்கத் தொடங்குவது) குமிழை வலப்புறம் திருப்பினால் வேகம் கூடும். பெரும்பாலான கருவிகளில் குறையும். இது தெரியாமல், டிரம்ஸ் ஏன் இப்படித் தட்டையாகிறது என்று வெகுநாள் குழம்பியிருக்கிறேன். குரலில் திடீரென எகிறும் இடங்களை 1176இல் பிடித்து, பிறகு எல்ஏ-2ஏவுக்கு அனுப்புவது பழைய, நல்ல வழக்கம்.

மின்னழுத்தத்தால் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் விசிஏ துல்லியமானது, தன் சாயலை அதிகம் ஏற்றாது. டிரம்ஸுக்கும் முழு மிக்ஸுக்கும் ஏற்றது. வேரி-மியூவில் அடக்கும் வேலையை வெற்றிடக் குழாயே செய்கிறது. சிக்னல் கூடக்கூட ரேஷியோவும் (அடக்கும் விகிதம்) தானாக ஏறும் என்பதால் அடக்குவதே தெரியாது. இவ்வகையில் புகழ்பெற்ற ஃபேர்சைல்டு 670இல் வெற்றிடக் குழாய்கள் மொத்தம் 20!

முதலில் ஓர் ஆப்டிகல், ஒரு ஃபெட் பிளகின் (மென்பொருள் வடிவக் கம்ப்ரசர்) போதும்.