கரு கலைந்த பிறகு மனைவி எந்நேரமும் சாமி, விரதம் என்றே இருக்கிறாள். இதிலிருந்து அவளை எப்படி மீட்பது?

மீட்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது, அதற்குப் பிறகு வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் பூஜையறையில்தான் இருக்கிறாள், செவ்வாயும் வெள்ளியும் விரதம் வேறு, பார்க்கவே பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் "மூடநம்பிக்கை" என்றும் "படித்த பெண்ணே இப்படியா" என்றும் எழுதியிருப்பதைப் படித்த பிறகு பேசாமல் போக முடியவில்லை. நானும் படித்த பெண்தான். எனக்கும் கலைந்தது. நானும் சாமியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

பிறந்த ஊர் செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற வழியில் ஒரு கிராமம். வாழ்க்கைப்பட்டது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் குளத்துப்புழை. பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். அதனால் கரு ஏன் கலைகிறது என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. கர்ப்பம் என்று உறுதியான பிறகும் 100-க்கு 10 முதல் 20 வரை கலைந்துபோகின்றன. பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கையிலேயே வந்துவிட்ட கோளாறு. பப்பாளி தின்றதோ, மலைப்பாதையில் பஸ் ஏறியதோ, தண்ணீர்க் குடம் தூக்கியதோ காரணம் அல்ல. டாக்டரும் இதையேதான் சொன்னார், பொறுமையாகத்தான் சொன்னார். எல்லாம் தெரியும். தெரிந்தும் ராத்திரி இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் நடந்தது என்பதற்குத்தான் அறிவியலில் பதில் இருக்கிறது. நடந்த பிறகு அந்தப் பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வது என்பதற்கு என் பாடப்புத்தகத்தில் இடமில்லை.

ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றார்கள். மாத்திரை வைத்தார்கள், முழுசாக வரவில்லை, அப்புறம் டி அண்ட் சி, கருப்பையைச் சுத்தம் செய்வது. இதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். என்னைப் படுக்க வைத்தது பிரசவ வார்டில். பக்கத்துக் கட்டிலில் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தை. அதன் பாட்டி என்னிடம் வந்து, "மோளுக்கு எத்ர மாசம்?" என்று கேட்டார். அந்தப் பாட்டி மேல் எனக்குக் கோபமே இல்லை. படுக்கை ஒதுக்கியவர்கள் மேல் இன்றைக்கும் இருக்கிறது. கலைந்தவளைத் தனியாக ஒரு ஓரத்தில் படுக்க வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

வீட்டுக்கு வந்தால் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் மனம் நோகக் கூடாது என்றுதான். என் அம்மா வந்து சுக்கு, மிளகு போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், "அடுத்தது நல்லபடியா தங்கும்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லோருக்கும் அடுத்ததுதான். போனதைப் பற்றிப் பேச ஒரு ஆள் இல்லை. விளக்கேற்றலாம் என்றால் தீட்டு, பூஜை அலமாரிப் பக்கம் போகக் கூடாது. சாமி வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்ட நாட்களில் சாமி இருந்த அலமாரிக் கதவைத் தொட விடவில்லை. தீட்டு சரியா தவறா என்று இங்கே விவாதம் வேண்டாம், அதற்கு நான் ஆளில்லை. எனக்கு எது வலித்தது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் நாத்தனார் வந்தார். நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்கள் வீட்டிலும் ஒரு அக்காவோ சித்தியோ நிச்சயம் இருப்பார். ஜாதகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார். நாகதோஷம், என் பக்கத்து வழியில் யாரோ பாம்பை அடித்திருக்கிறார்கள், அதுதான் தங்கவில்லை, ஹரிப்பாடு பக்கத்தில் மண்ணாறசாலைக்குப் போய் உருளி கவிழ்த்தால் எல்லாம் சரியாகும் என்றார்.

மண்ணாறசாலையைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கணவனும் மனைவியுமாக வெண்கல உருளியைத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு கோயிலைச் சுற்றி வந்து நாகராஜாவுக்குச் சமர்ப்பிக்கிறார்கள். அதை நிலவறையில் கவிழ்த்து வைக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் திரும்பப் போய் நிமிர்த்த வேண்டும். அங்கே பூஜை செய்கிற உரிமை அந்தக் குடும்பத்தின் மூத்த பெண்ணுக்கு, அம்மை என்று சொல்வார்கள். பெண் பூசை செய்கிற அந்த நாகத்தின் மேல் எனக்குப் பக்தி உண்டு. ஆனால் உருளி வரப்போகிற பிள்ளைக்காக. போன பிள்ளையை நினைத்து அழுது முடிக்கிறதுக்கு முன்னால் வரப்போகிறதுக்கு விண்ணப்பம் போடச் சொன்னால் எனக்கு முடியவில்லை. அதோடு தோஷம் என்ற சொல் வந்ததுமே குற்றவாளி நான்தான் என்று ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவை எதிர்த்து அவர் பேசிப் பழக்கமில்லை.

என்னைத் தூக்கி நிறுத்தியது என் அத்தை, அதாவது மாமியார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பம். சின்னப் பெண்ணாக ராமேஸ்வரத்தில் வந்து இறங்கி, பிறகு குளத்துப்புழையில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக அரசு போட்ட ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து பால் வெட்டப் போய், சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, ஒட்டுப்பால் சுமந்து வளர்த்த பிள்ளை என் வீட்டுக்காரர். எழுதப் படிக்க அத்தைக்குத் தெரியாது. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

ஒரு நாள் காலையில் வந்து, "கெளம்பு தாயி, ஆத்துக்குப் போயிட்டு வருவோம்" என்றார். தீட்டு என்றேன். "கோயிலுக்குள்ள போனாத்தான தீட்டு? ஆத்துக்கு ஏது தீட்டு?" என்றார்.

குளத்துப்புழை சாஸ்தா கோயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அச்சன்கோவிலில் ஐயன் குடும்பஸ்தன், ஆரியங்காவில் இளைஞன், குளத்துப்புழையில் குழந்தை. பால சாஸ்தா. கோயிலை ஒட்டி ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றில் இருக்கிற மீன்களை யாரும் பிடிக்கக் கூடாது. திருமக்கள் என்று பெயர். மீனூட்டு அங்கே பெரிய நேர்ச்சை. தோல் வியாதி போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பொரி போடுகிறவர்கள்தான் அதிகம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற நம் ஊர் ஆட்கள் எல்லாரும் போட்டுவிட்டுத்தான் போவார்கள்.

படியில் உட்கார வைத்து என் கையில் பொரியைக் கொடுத்தார். நான் என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இவரு கொழந்தச் சாமி. கொழந்தகிட்ட போயி என்னத்தக் கேப்ப? கொழந்தைக்குக் குடுக்கத்தான் செய்யணும். குடு."

கொடுத்தேன். மீன்கள் கறுப்பாகத் திரண்டு படிவரைக்கும் வந்து வாயைத் திறந்தன. அந்தப் பை தீர்கிறவரை போட்டேன். அழுகை வந்தது, ஆஸ்பத்திரியில் வராத அழுகை. அத்தை என்னைத் தேற்றவில்லை. "எனக்கும் ரெண்டு போச்சு தாயி" என்று மட்டும் சொன்னார். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறோம், அதுவரை எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. கலைந்த மறுநாளே அத்தை பால் வெட்டப் போனாராம். லீவு கேட்டால் கூலி போய்விடும்.

அதற்குப் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கிற நேரம் ஒன்று எனக்கு இருந்தது. வீட்டில் யாரும் பேசாத ஒரு பிள்ளைக்கு நான் அம்மாவாக இருந்தது அந்தப் படியில் மட்டும்தான். உங்கள் மனைவிக்குப் பூஜையறை அப்படி ஒரு இடமாக இருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள் என்றால் யாரிடம் பேசுகிறாள் என்று நினைக்கிறீர்கள்?

பக்தி என்றால் எப்போதும் கும்பிடுவது மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். அந்த வருஷம் எங்கள் ஊர் இசக்கியம்மன் கொடைக்குப் போனேன். ஏமாற்றிக் கொல்லப்பட்ட ஒரு பெண் தெய்வமான கதையை வில்லுப்பாட்டில் ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். இடுப்பில் பிள்ளையும் காலடியில் மிதிபடுகிறவனுமாக நிற்கிற அந்தச் சிலைக்குச் சின்ன வயதில் பயப்படுவேன். பிள்ளை வரம் கேட்டு மரத்தில் தொட்டில் கட்டுவார்கள். நான் கட்டவில்லை. எதிரே நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன் பிள்ளையை மட்டும் இடுக்கிக்கொண்டு நிற்கிறாயே என்று கேட்டேன். பூசாரி கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, திருநீறு பூசி அனுப்பினார். டாக்டரைத் திட்ட முடியாது, அம்மாவைத் திட்டினால் அவள் உடைந்துபோவாள், புருஷனைத் திட்டினால் சண்டை. சாமி தாங்கிக்கொள்ளும். இதை நாத்திகர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றினாலும் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், படிக்கிற யாருக்காவது உதவும். நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் கரு கலைந்ததற்கு லீவு கிடையாது என்றார்கள். "பிரசவம்னா லீவு உண்டு டீச்சர், இது பிரசவம் இல்லையே" என்று அலுவலகத்தில் மூன்று பேர் முன்னால் சொன்னார்கள். சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே (2025-இல் அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும்) கருச்சிதைவுக்குச் சம்பளத்தோடு 6 வாரம் விடுப்பு உண்டு. டாக்டர் சான்று கொடுத்தால் போதும். கேரளத்தில் தனியார் பள்ளி ஊழியர்களையும் 2020-இலேயே அந்த 1961 சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இது எனக்குத் தெரிய வந்தபோது அந்த வேலையையே விட்டிருந்தேன். இரத்தப்போக்கு நிற்காமல் கரும்பலகை முன்னால் நின்று இனப்பெருக்கப் பாடம் நடத்தினேன். இலங்கைத் தோட்டத்தில் பிறந்த என் மாமியாருக்கு நடந்ததும் பட்டப்படிப்பு முடித்த எனக்கு நடந்ததும் ஒன்றாகவே இருந்தால் நான் படித்து என்ன? உங்கள் மனைவி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு விடுப்பு கிடைத்ததா என்று முதலில் கேளுங்கள்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்று வருகிறேன்.

அவள் தானாகச் செய்வது எது, யாரோ சொல்லிச் செய்வது எது என்று பாருங்கள். தானாக விளக்கேற்றி உட்கார்ந்தால் விட்டுவிடுங்கள். அந்தச் செவ்வாய், வெள்ளி விரதம் உங்கள் அம்மாவோ அக்காவோ பரிகாரமாகச் சொன்னது என்றால் அதை நிறுத்த வேண்டியது நீங்கள். அவள் வாயால் வேண்டாம் என்று சொல்ல வைக்காதீர்கள், கெட்ட பேர் அவளுக்கு வரும். என் வீட்டில் கடைசியில் அத்தைதான் தன் மகளிடம் பேசினார். "தோஷம்னா எனக்குத்தான் மொத தோஷம், என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார். நாத்தனார் அதற்கப்புறம் அந்த ஜாதகத்தை எடுக்கவில்லை.

வெறும் வயிற்றோடு விரதம் இருக்க விடாதீர்கள். இரத்தம் போன உடம்பு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்து இரும்புச்சத்து மாத்திரை எடுக்கட்டும். பாலும் பழமும் சாப்பிட்டு இருக்கிற விரதத்தை எந்தச் சாமியும் தள்ளுவதில்லை. தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நான் இருந்து என்ன என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் அது பக்தி அல்ல, காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் மனநல உதவி எண் இருக்கிறது, 14416, தமிழிலும் பேசலாம். சாமி கும்பிடுவதும் டாக்டரைப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை, நான் இரண்டையும் செய்தேன்.

எனக்கு இப்போது பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுப் பின்னூட்டம் வரும், எப்போதும் வருகிறது. அதற்கு நான் பதில் சொல்வதில்லை. இருக்கிறது என்றால் "பார், சாமி கொடுத்தது" என்பீர்கள், இல்லை என்றால் "பார், சாமி கைவிட்டது" என்பீர்கள். நான் எழுதியது அதைப் பற்றியே அல்ல.

அடுத்த தடவை அவள் கோயிலுக்குக் கிளம்பும்போது நீங்களும் போங்கள். நம்பிக்கை இல்லை என்றால் உள்ளே வர வேண்டாம், வாசலில் பையை வைத்துக்கொண்டு உட்காருங்கள். என் வீட்டுக்காரர் அப்படித்தான் படியில் மேலே நிற்பார். வந்ததும் என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்காதீர்கள். பிறக்க வேண்டியிருந்த தேதி எது என்று உங்களுக்கும் தெரியும்தானே, டாக்டர் அட்டையில் எழுதியிருப்பார். அந்த நாளில் மட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருங்கள்.