சூரியன் சிவந்தால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள்

தம்பி, டொரொன்டோ ஸ்கார்பரோவில் பேஸ்மென்டில் இருக்கிறேன், இரண்டு நாளாக வானம் மஞ்சளாய்க் கிடக்கிறது, வேலைக்கு நடந்து போகலாமா, எந்த ஏர் பியூரிஃபையர் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மெஷின் வாங்கும் கதையை இப்போதைக்கு விடுங்கள்.

வானத்தின் நிறத்தை நம்பாதீர்கள். காட்டுத்தீப் புகை நீல ஒளியைச் சிதறடித்துச் சிவப்பை விட்டுவிடும். அதனால்தான் பின்னேரம் நான்கு மணிக்கே சூரியன் செப்புக்காசு மாதிரி நிற்கிறது. புகை உயரத்தில் போனால் வானம் மட்டும்தான் கெடும். 2023 ஜூனில் கியூபெக் புகை வந்ததுபோலத் தரைக்கு இறங்கினால்தான் ஆபத்து. என்வைரன்மென்ட் கனடாவின் ஏ.கியூ.எச்.ஐ. எண்ணைப் பாருங்கள், காற்று உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று சொல்லும் எண் அது. 3 வரை பயமில்லை. 4 முதல் 6 வரை ஆஸ்துமா, இருதய வருத்தக்காரர் கவனம். 7 வந்தால் ஓட்டம், கிரிக்கெட், புல்லு வெட்டு எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். காற்றுத் திரும்பினால் எண்ணும் மாறும். காலையில் பார்த்ததை வைத்துப் பின்னேரம் வெளிக்கிடாதீர்கள்.

வீட்டைச் சூடாக்கிக் காற்றைச் சுற்றவிடும் ஃபேர்னஸ் பேஸ்மென்டில் உங்கள் பக்கத்திலேயே இருக்கும். அதன் ஃபில்டரை இழுத்துப் பாருங்கள். வெள்ளையாய் இருக்கவேண்டியது சாம்பல் கம்பளி மாதிரி இருந்தால் மாற்றவேண்டும். ஓரத்தில் அச்சடித்த அளவிலேயே மெர்வ் 13 வாங்குங்கள், மெர்வ் எண் கூடினால் நுண்ணிய தூசியையும் பிடிக்கும். பழைய ஃபேர்னஸால் அதனூடாகக் காற்றை இழுக்க முடியாவிட்டால் மெர்வ் 11. அம்புக்குறி ஃபேர்னஸ் பக்கம் பார்க்கவேண்டும். பிறகு தெர்மோஸ்டாட்டில் ஃபேனை 'ஆட்டோ'விலிருந்து 'ஆன்' ஆக்கவேண்டும், இல்லையென்றால் ஃபில்டர் சும்மா கிடக்கும். தெர்மோஸ்டாட் மேல்வீட்டில்தான் இருக்கும், கேளுங்கள். வாடகையை முதலாம் தேதியே வாங்கும் எங்கள் ஆட்கள் பலர் ஃபில்டரை வருடத்துக்கு ஒருதரம்கூட மாற்றுவதில்லை. எனக்கு இதில் சரியான கோபம்.

யன்னலைப் பூட்டிவிட்டு உள்ளே மீன் பொரித்தால், சாம்பிராணி போட்டால் பூட்டியதில் பயனில்லை. அதுவும் காட்டுத்தீப் புகையில் இருக்கும் மாதிரி நுண்துகள்தான். குளியலறை ஃபேனையும் ஓடவிடாதீர்கள், அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வீடு வெக்கையாக அவிந்தால் நூலகத்துக்குப் போய் இருங்கள்.

"ஊரில் விறகடுப்பு ஊதினாங்கள், இதென்ன புகை" என்பார்கள் பழைய ஆட்கள். அந்த அடுப்படியில்தான் எங்கள் அம்மாமார் வருடக்கணக்காய் இருமினார்கள். அதை ஒருவரும் நோயென்று எண்ணவில்லை.

நடைக்கு நீல மாஸ்க் போதாது, ஓரத்தால் புகை வரும். என்95 போட்டு மூக்குக் கம்பியை அழுத்துங்கள். தாடி இருந்தால் ஒட்டாது. ஏ.கியூ.எச்.ஐ. 7 அல்லது அதற்கு மேலென்றால் பஸ்ஸில் போங்கள்.