வைரப் படல அலைவழியில் ஒளி இழப்பு

சிலிக்கா மேல் வளர்த்த பல்படிக வைரப் படலத்தில் வளைய ஒத்ததிர்வி (ஒளி சுற்றிவரும் வளைய வடிவ அலைவழி, அதாவது ஒளியைக் கடத்தும் நுண்பாதை) செய்தும் 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி இழப்பு அதிகம், பொறித்தலில்தான் (படலத்தை அரித்து வடிவம் வெட்டுவதில்தான்) தப்பா என்று கேட்டிருந்தீர்கள். பொறித்தலைத் தொடுவதற்கு முன் படலத்தின் மேற்பரப்பைப் பாருங்கள். வளர்ந்தபடியே விட்ட படலம் படிக முகடுகளோடு சொரசொரவென்றுதான் இருக்கும். வைரத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 2.4, சிலிக்காவுக்கு 1.44, இவ்வளவு வித்தியாசத்தில் சில நானோமீட்டர் மேடுபள்ளம்கூட ஒளியைச் சிதறடித்துவிடும். அணுவிசை நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்துவிட்டு, வேதி-இயந்திர முறையில் மெருகேற்றுங்கள்.

அப்புறம், ராமன் நிறமாலையும் (லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்துப் பொருளை அடையாளம் காணும் சோதனை) எடுங்கள். வைரத்துக்குரிய 1332 செ.மீ⁻¹ முகட்டுக்கு அப்பால், 1500 செ.மீ⁻¹-ஐத் தாண்டி அகன்ற மேடு தெரிந்தால் படிக எல்லைகளில் கிராஃபைட் வகைக் கார்பன் இருக்கிறது. அது ஒளியை விழுங்கும். இதற்கு மெருகேற்றல் உதவாது, வளர்க்கும்போதே வாயுக் கலவையில் மீத்தேன் விகிதத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். நைட்ரஜன்-வெற்றிட மையத்துக்காக (வைரப் படிகத்தில் ஒரு நைட்ரஜன் அணுவும் பக்கத்தில் ஒரு காலி இடமும் சேர்ந்த, ஒளி உமிழும் குறைபாடு) 637 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் போவதாக இருந்தால் ஒற்றைப்படிகம்தான் சரி. அந்த அலைநீளத்தில் சிதறல் இன்னும் மோசம்.