மறு: பிளாஸ்மா டிவியில் சேனல் லோகோவின் நிழல் போகமாட்டேங்குது

அது பெரும்பாலும் நிரந்தரக் கறை இல்லை. பேனலை மாற்ற அவசரப்படாதீங்க. நாள் முழுக்க ஒரே செய்திச் சேனல், அதுவும் வெளிச்சமும் நிறமும் தூக்கலா இருக்கிற ‘விவிட்’ மோடில் ஓடுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் காரணம். லோகோ இருக்கிற இடத்தில் பாஸ்பர் (திரையில் ஒளி தர்ற பூச்சு) இடைவிடாம எரியுது.

1. கான்ட்ராஸ்டைப் பாதியாக் குறைங்க. மெனுவில் பிக்சல் ஆர்பிட்டர் (படத்தை அப்பப்போ லேசா நகர்த்துற வசதி) இருந்தா ஆன் பண்ணுங்க.

2. திரை முழுக்க நிறையுற, அசைஞ்சுகிட்டே இருக்கிற காட்சிகளை நாலஞ்சு மணி நேரம் ஓடவிடுங்க. ஓரத்தில் கறுப்புப் பட்டை வரவே கூடாது.

3. பிறகு வெறும் சாம்பல் நிறப் படம் ஒண்ணைப் போட்டுப் பாருங்க. நிழல் கொஞ்சமாவது மங்கியிருந்தா தொடருங்க, போயிடும்.

பல நாள் கழிச்சும் நிழல் கொஞ்சமும் மங்காம அப்படியே நின்னா பாஸ்பர் தேய்ஞ்சுடுச்சு, அதுக்கு வழியில்லை. தயவுசெஞ்சு பின்மூடியைக் கழற்றாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டரில் (மின்சாரத்தைச் சேமிச்சு வைக்கிற பாகம்) மின்சாரம் தங்கியிருக்கும்.