கழுத்து வலிக்குத் தலையணை காரணமா? சுங்கை சிப்புட் வாசகர்களுக்குப் பதில்

பல வருடமாகத் தோட்டத்து மக்களின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கும் பிசியோ (இயன்முறை மருத்துவர்) நான். வந்திருக்கும் கேள்விகளில் பாதி “எந்தத் தலையணை நல்லது?” என்றுதான். உங்கள் உடம்புக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று முதலில் பாருங்கள். விலையும் பிராண்டும் அதற்குப் பிறகுதான்.

கே: செம்பனைக் குலை வெட்டுகிறேன் அக்கா. இரண்டு தலையணை இல்லாமல் தூக்கம் வராது. காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

ப: தம்பி, பகல் முழுக்க நீளக் கம்பை ஏந்தி அண்ணாந்தே நிற்கிறீர்கள். பின்கழுத்துத் தசை அப்போதே இறுகிவிடுகிறது. இரவில் இரண்டு தலையணை வைத்தால் அதே தசை விடியும்வரை இழுபட்டுக் கிடக்கும். பிறகு அதற்கு ஓய்வு ஏது?

மல்லாந்து படுத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நெற்றியும் தாடையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தாடை நெஞ்சுப் பக்கம் இறங்கினால் உயரம் அதிகம். ஒரே நாளில் குறைத்தால் தூக்கம் கெடும். அதனால் மேல் தலையணையை எடுத்துவிட்டு மடித்த துண்டை வையுங்கள். சில நாளுக்கு ஒருமுறை ஒரு மடிப்பைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கே: ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு வாங்கினோம். அவருக்குச் சுகம், எனக்கு வலி.

ப: நீங்கள் ஒருக்களித்துப் படுப்பவரா அம்மா? அப்படியானால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள இடைவெளி முழுவதையும் தலையணைதான் நிரப்ப வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. மெத்தையையும் கணக்கில் சேருங்கள். மெத்தையில் தோள் கொஞ்சம் அமிழும். சிமெந்துத் தரையில் பாய் விரித்தால் அமிழாது, அதனால் இன்னும் உயரம் வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்தால் இடுப்பும் முறுக்காது.

கே: அம்மா தைத்துக் கொடுத்த கெக்காபு (இலவம் பஞ்சு) தலையணை. தூக்கிப் போட மனசு வரவில்லை.

ப: போடாதீர்கள். போன மாதம் ஒருவர் கொண்டுவந்ததைப் பிரித்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் மேடு, நடுவில் தலை விழுந்த பள்ளம், பஞ்சு நெல்லிக்காய் அளவு உருண்டைகளாகக் கிடந்தது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஒரு பக்கத் தையலைப் பிரியுங்கள். பஞ்சை வெயிலில் காயவைத்து, கையால் உதிர்த்து, குறைந்துபோன அளவுக்குப் புதுப் பஞ்சு சேர்த்துத் தையுங்கள். பஞ்சைத் தண்ணீரில் போடவே கூடாது. உறையை மட்டும் 60 டிகிரி சுடுநீரில் துவையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் தூசிப்பூச்சி சீக்கிரம் பெருகும். அதனால் மூக்கடைத்து, தூக்கமும் கெடும்.

கே: லேட்டக்ஸ் தலையணைக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். தகுமா?

ப: நம் தாத்தா பாட்டி வெட்டிய அதே ரப்பர் பால்தான். அமுக்கினால் எழும்பிவிடும், வருடக்கணக்கில் வடிவம் மாறாது. ஆனால் அதன் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கடையிலேயே படுத்துப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள், ரப்பர் நொறுங்கிப்போகும்.

கே: பிள்ளைக்கு நான்கு மாதம். தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைக்கலாமா?

ப: வேண்டாம். ஒரு வயது வரை எந்தத் தலையணையும் வேண்டாம், மூச்சு அடைக்கும் ஆபத்து இருக்கிறது. மல்லாத்திப் படுக்க வையுங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

கே: வலி கைக்கு இறங்குகிறது. விரல் மரத்துப்போய் டம்ளர் நழுவுகிறது. எந்தத் தலையணை வாங்கலாம்?

ப: ஐயா, இப்போது தலையணை தேடாதீர்கள். நாளைக் காலையிலேயே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், டம்ளர் நழுவுவதை மறக்காமல் சொல்லுங்கள். நடையும் தள்ளாடினால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.