உயரத்துக்குப் பயப்படுகிறவர் ஆல்ப்ஸ் முகட்டுப் பாதையில் நடக்கலாமா?

கேள்வி: “எனக்கு உயரம் என்றால் பயம். சுவிஸில் நண்பர்கள் ஒரு முகட்டுப் பாதைக்குக் கூப்பிடுகிறார்கள். வழியில் இரும்புக் கம்பி கட்டியிருக்கிறதாம், அதைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும் என்கிறார்கள். போகலாமா?”

போகலாம். ஆனால் கம்பியைப் பிடித்தால் போதும் என்று சொன்னவரை நம்பிப் போகவேண்டாம்.

“நண்பர்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையிடத்துச் சனமாக இருக்கும் என்பது என் ஊகம். நாட்டுக்குப் புதிதாக வந்திருப்பீர்கள். மாட்டேன் என்றால் ஒதுங்குகிற ஆள் என்று நினைத்துவிடுவார்களோ என்று யோசிக்கிறீர்கள். பிழையென்றால் மன்னிக்கவும். என்னை இருபது வருஷமாக ஒருவரும் கூப்பிடவில்லை. அந்தக் கதையும் கீழே வரும்.

முதலே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மலையேறுகிறவன் இல்லை, சமையல்காரன். நான் நடந்த முகட்டுப் பாதையின் பேர் லீசன்கிராட். “லீசன்கிராட் எல்லாம் ஒரு முகடா, சின்னப் பிள்ளைகள் நடக்கிற பாதை, மட்டர்ஹோர்ன் பக்கம் வந்து பார்” என்று எழுத யாருக்காவது கை துறுதுறுத்தால், தெரியும் ஐயா. சின்னப் பிள்ளைகள் என்னை முந்திக்கொண்டு போனதை நானே பார்த்தவன். கேட்டவர் பயந்தவர், அதனால்தான் பயந்தவன் ஒருவன் பதில் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கீரிமலை என்று பேரில் ஒன்று இருக்கிறது. போய்ப் பார்த்தால் கேணியும் கடலும். நான் வளர்ந்த இடத்தில் உயரம் என்றால் பனை, அதிலும் நான் ஏறினது இல்லை. என் பயமெல்லாம் கிணறு. கட்டில் கை வைத்து எட்டிப் பார்த்தால் உள்ளங்கால் கூசும். அந்தக் கூச்சத்தோடுதான் 1990இல் இத்தாலிப் பக்கத்து எல்லையால் இந்த நாட்டுக்குள் வந்து சேர்ந்தேன்.

சில மாதம் கழித்து டொக்கன்பூர்க் பள்ளத்தாக்கில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை கிடைத்தது. குசினி யன்னலுக்கு நேரே கூர்ஃபிர்ஸ்டன் மலைத்தொடர். ஏழு சிகரம், வாள் பல்லு மாதிரி வரிசையாக. மெஷினுக்குள் தட்டு அடுக்குகிற நேரமெல்லாம் அதுதான் கண்ணுக்கு முன்னால். பகல் இரண்டு மணிக்கு விட்டால் ஐந்து மணிக்குத் திரும்ப நிற்கவேண்டும். அந்த இடைவேளைக்கு இங்கே சிம்மர்ஸ்டுண்டே என்று பேர். வெயிட்டர் பெடியள் அதற்குள்ளேயே சப்பாத்தை மாற்றிக்கொண்டு ஒரு நடை போய் வருவார்கள். நான் கட்டிலில் விழுவேன். பிறகு சலாட் வெட்ட விட்டார்கள், பிறகு அடுப்படி. இருபது வருஷம் ஓடிவிட்டது.

2011இல் குடியுரிமைக்கு எழுதிப் போட்டு, நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு பேர். வரி கட்டினேனா, கடன் இருக்கா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒருவர் கேட்டார், கூர்ஃபிர்ஸ்டனின் ஏழு பேரையும் சொல்லுங்கள் என்று. ஐந்து வந்தது, இரண்டு வரவில்லை. “ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போவீர்களா?” ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய்ப் பசியோடு வருகிற உங்களுக்குச் சமைப்பேன் என்று சொல்லியிருக்கவேண்டும். வாய் “இல்லை” என்றுதான் சொன்னது. ஊரோடு பிணைப்புப் போதாது என்று கடிதம் வந்தது.

இதற்கும் உங்கள் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பெரிதாக இல்லை. ஆனால் எழுத வந்தால் இதைத் தாண்டிப் போக முடியவில்லை. பக்கத்து மாநிலமான அப்பன்செல் இன்னர்ரோடனில் பெண்களுக்கு மாநில வாக்குரிமை கிடைத்தது 1990 நவம்பரில், அதுவும் ஆண்கள் கூடி மறுத்த பிறகு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி. நான் வந்து இறங்கின அதே வருஷம். மலையின் பேர் தெரியாதவன் ஊரோடு ஒட்டவில்லை என்கிறார்கள். சரி, விடுவோம்.

மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. இங்கேயே பிறந்தவன், நண்பர்களோடு மலை மலையாகத் திரிகிறவன். கடிதத்தை வாசித்துவிட்டு, “அப்பா, என்னோட வாங்கோ. அந்த ஏழையும் மேல நிண்டு காட்டுறன்” என்றான். ரோசத்தில் ஓம் என்றுவிட்டேன். 2012 ஆகஸ்டில் ஒரு விடுமுறை நாள். ஷ்வேகால்பில் இருந்து தொங்குபெட்டியில் ஏறினோம். அது 1935இல் இருந்து ஓடுகிறது. பத்து நிமிஷத்தில் 2,502 மீட்டர் சென்டிஸ் சிகரத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து தென்கிழக்கே 2,120 மீட்டரில் ரோட்ஸ்டைன்பாஸ் என்ற கணவாய்வரை போகிற முகடுதான் லீசன்கிராட். நல்லாக நடக்கிறவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. எனக்கு இரண்டரை.

தொங்குபெட்டியில் போவதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. கீழிருந்து ஏறினால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உயரத்துக்குப் பழகும், ஏலாவிட்டால் வழியிலேயே திரும்பலாம். இதில் கோப்பி குடித்த கையோடு உச்சியில் நிற்பீர்கள், நடை தொடங்குவதே இறக்கத்தில். 1865இல் மட்டர்ஹோர்னில் முதன்முதல் ஏறினவர்கள் ஏழு பேர், உயிரோடு இறங்கியவர்கள் மூன்று பேர். மற்ற நால்வரும் விழுந்தது இறங்கும்போது.

பாதை கல்லில் வெட்டினது. சில இடம் படி, சில இடம் ஒரு கால் வைக்கிற அகலம். இடப்பக்கம் அப்பன்செல், வலப்பக்கம் டொக்கன்பூர்க், இரண்டு பக்கமும் கண் போய் விழுகிற ஆழம். கிணற்றுக்கட்டு இரண்டு பக்கமும் இருக்கிறதாக நினைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் நடுவில். முதல் கால் மணி நேரம் கம்பியை இரண்டு கையாலும் பற்றி, பாறையைக் கட்டிப்பிடித்த மாதிரி நண்டு போல நடந்தேன். எனக்கு முன்னால் ஒரு தடித்த மனுசன். அவர் ஒரு எட்டு வைக்கக் கம்பியைப் பிடித்து இழுத்தார். கம்பி விறைத்து, தொய்வாக நின்ற என் பக்கம் துள்ளி, கை இரண்டும் ஒரு சாண் வெளியே போனது. கை போன இடத்துக்கு உடம்பும் போகப் பார்த்தது. சப்பாத்துக்குக் கீழே சரளைக்கல் கரகரவென்று வழுக்கியது. விழவில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டேன். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. முழங்கால் தையல் மெஷின் மாதிரி அடித்தது.

மஞ்சள் சொண்டுள்ள கறுத்தக் காகம் ஒன்று பக்கத்துக் கல்லில் வந்து குந்தி என்னைப் பார்த்தது. இந்த மலைக் காகங்களுக்கு மனிசர் பயமில்லை, பாண் துண்டுக்கு வரும். அது விளிம்பைத் தாண்டிச் சும்மா காற்றில் சாய்ந்து போனதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது.

மகன் பின்னால் இருந்தான். “அப்பா, குனியாதேங்கோ. நிமிந்து நில்லுங்கோ.” நிமிர்ந்தால் விழுந்துவிடுவேன் என்றேன். “குனிஞ்சாத்தான் விழுவீங்கள்.” அவன் சொன்னது அன்றைக்கு விளங்கவில்லை, பிறகு வீட்டுப் படியில் செய்து பார்த்துத்தான் விளங்கியது. பயத்தில் பாறைப் பக்கம் சாய்ந்தால் உடம்புப் பாரம் காலுக்கு நேரே இறங்காது, பாதத்தை வெளிப்பக்கமாகத் தள்ளும். அதனால்தான் வழுக்குகிறது. நேரே நின்றால் பாரம் முழுவதும் உள்ளங்காலில் இறங்கி, சப்பாத்து கல்லைப் பிடிக்கும். கம்பி தொங்குவதற்கு இல்லை, தடுமாறினால் சமாளிக்க. ஒரு கை போதும். முன்னால் போகிறவர், கம்பியைப் பாறையில் பொருத்தின அடுத்த ஆணியைத் தாண்டும்வரை அந்தத் துண்டுக் கம்பியில் கை வைக்கவேண்டாம். உங்களுக்குச் சொல்ல எனக்கு இருக்கிற தொழில் இரகசியம் இவ்வளவுதான்.

பிறகு அவன், “கீழ பாக்க வேண்டாம், வலப்பக்கம் தூரத்தில பாருங்கோ. பேர் சொல்லுங்கோ” என்றான். பார்த்தேன். என் குசினி யன்னலில் தெரிகிற அதே ஏழு, இப்போது என் கண்ணை விடத் தாழ. கேசர்ருக், ஹின்டர்ருக், ஷீபன்ஸ்டோல், சூவெஸ்டோல், பிரீசி, ஃப்ரூம்செல், செலூன். ஏழும் வந்தது. ஒரு பேருக்கு ஒரு எட்டு. ஏழு முடிந்ததும் திரும்பக் கேசர்ருக். எதிரே வந்த ஒரு வயதான பெண் “குறுயெட்சி” என்று இந்த ஊர் வணக்கம் சொல்லி, தான் வெளிப்பக்கமாக ஒதுங்கி, எனக்குப் பாறைப் பக்கம் விட்டுத் தந்தார். எழுபதுக்குக் குறையாது. நான் வாய்க்குள் ஃப்ரூம்செல், செலூன் என்று முணுமுணுத்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்.

கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால் கீழ்ச் சரிவில் ஐபெக்ஸ் ஆடுகள் நின்றன, கொம்பு பின்னால் வளைந்தது. சுவிஸில் இவற்றை வேட்டையாடியே ஒழித்துவிட்டார்கள். 1906இல் இத்தாலி அரசரின் வேட்டைக்காட்டிலிருந்து குட்டிகளைக் களவாக எல்லை தாண்டிக் கொண்டுவந்து சென்காலனில் ஒரு விலங்குப் பூங்காவில் வளர்த்தார்கள். 1911இல் முதன்முதலாக மலையில் விட்டார்கள். இன்றைக்கு நாட்டின் பெருமை. அவற்றை ஒருவரும் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை என்று மகனிடம் சொன்னேன். “அப்பா, முதல்ல காலைப் பாருங்கோ” என்றான்.

ரோட்ஸ்டைன்பாஸில் ஒரு விடுதி இருக்கிறது. அங்கே என்னை இருத்திவிட்டு அவன் அல்ட்மான் சிகரத்துக்குப் போனான். 2,435 மீட்டர், கடைசித் துண்டு கையும் ஊன்றி ஏறவேண்டும். உங்கள் நண்பர்கள் “இவ்வளவு வந்துவிட்டோம், அதையும் பார்ப்போம்” என்று கூப்பிட்டால் போகவேண்டாம். நடப்பது வேறு, ஏறுவது வேறு. ஏறின இடத்தால் இறங்க வராது. இரண்டு மணி நேரத்தில் வருகிறேன் என்றவன் மூன்று மணி நேரமாகியும் வரவில்லை. மேற்கே முகில் கறுத்துக்கொண்டு வந்தது. வாங்கின சூப் ஆறி, மேலே ஆடை படிந்தது. நான் சமையல்காரன், ஒரு சூப்பை அப்படி விட்டது அன்றைக்குத்தான். அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் லீசன்கிராட் ஒன்றுமே இல்லை. மேலே ஆட்கள் கூடிவிட்டார்களாம், வரிசையில் நின்றானாம். வந்தபோது பேசவேண்டும் என்று நினைத்த ஒன்றும் வாயில் வரவில்லை. “சாப்பிட்டியா அப்பன்” என்று மட்டும் கேட்டேன்.

இனிக் கெட்ட செய்தி. எல்லாரும் முகட்டைப் பற்றியே கதைப்பார்கள், கீழே இறங்குவதை ஒருவரும் சொல்லமாட்டார்கள். ரோட்ஸ்டைன்பாஸிலிருந்து மெக்லிசால்ப், சேயால்ப்சே ஏரி, பிறகு 868 மீட்டரில் வாசராவன் ரயில் நிலையம். சென்டிஸ் உச்சியிலிருந்து கூட்டிப் பார்த்தால் 1,600 மீட்டருக்கு மேல் இறக்கம். மெக்லிசால்புக்கு முன்னாலேயே என் வலது சப்பாத்தின் அடித்தோல் நாய் நாக்கு மாதிரித் தொங்கத் தொடங்கியது. பழைய சாமான் கடையில் 15 பிராங்குக்கு வாங்கினது, பார்க்கப் புதிது. இந்த மலைச் சப்பாத்துகளில் நடு அடிக்குப் போடுகிற பாலியூரித்தேன் ஈரத்தில் தானாக உக்கிப்போகும். போடாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் பத்து வருஷம் போனால் நம்பக்கூடாது. மகன் பையிலிருந்து ஒட்டுப்பட்டி எடுத்துச் சுற்றினான், மூன்று தரம். கம்பிப் பாதையில் அது கழன்றிருந்தால் இந்தப் பதிலை எழுத ஆள் இருந்திராது. சப்பாத்துக்குச் செலவழியுங்கள், குறைந்தது போக முதல் அடியை வளைத்துப் பாருங்கள். அடுத்த நாள் குசினிக்குக் கீழே கிடங்குக்கு இருக்கிற எட்டுப் படியையும் பின்பக்கமாகத்தான் இறங்கினேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. உங்களைக் கூப்பிட்டவரிடம் பாதையின் பேரையும், அது எவ்வளவு கடினம் என்று காட்டுகிற டி எண்ணையும் கேளுங்கள். டி1 மஞ்சள் பலகை, டி2, டி3 வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு, டி4இல் இருந்து வெள்ளை-நீலம்-வெள்ளை. லீசன்கிராட்டை டி3 அளவில் வைப்பார்கள். நீலம் என்றால் உங்களுக்கு இந்த வருஷம் வேண்டாம். ஜூனில் நிழல் பக்கங்களில் பனி கிடக்கும், ஆகஸ்ட், செப்டம்பர் நல்லது. வெயில் நாளிலும் பின்னேரம் இடி வரலாம், அப்போது கம்பிக்குக் கிட்டவே நிற்கக்கூடாது. காலையிலேயே முகட்டைக் கடந்துவிடுங்கள். மீட்பு ஹெலிகொப்டருக்கு 1414. வாரம் எட்டு மணி நேரமாவது ஒரே முதலாளியிடம் வேலை செய்கிறீர்கள் என்றால் விடுமுறை நாள் விபத்துக்கும் வேலையிடக் காப்புறுதி இருக்கும். சுற்றுலாவாக வந்தவர் என்றால் அது கிடையாது, தனியாக எடுக்கவேண்டும்.

“பயந்தவனை மலைக்குப் போகச் சொல்கிறாய், நாளைக்கு ஏதாவது நடந்தால்?” என்று கேட்கப் போகிறவர்களுக்கு: முதல் கம்பி வருகிற இடத்தில் கால் நடுங்கினால் திரும்பி வந்து தொங்குபெட்டியில் இறங்கச் சொல்லித்தான் நான் எவருக்கும் சொல்வேன். நான் அப்படித் திரும்பவில்லை, அது ரோசம், புத்தி இல்லை.

குடியுரிமை இரண்டாம் தரம் கிடைத்தது. அந்தத் தரம் மலைப் பேர் ஒருவரும் கேட்கவில்லை, தயாராகப் போயிருந்தேன்.

எந்தப் பாதை என்று கீழே எழுதுங்கள், மகனிடம் கேட்டுச் சொல்கிறேன். சனி, ஞாயிறு வேலை. திங்கட்கிழமைதான் பதில் போடுவேன்.