சுரங்க ஊருக்குக் குழந்தையோடு போகலாமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில் சுரங்கத்தில் என் கணவருக்குப் பொறியாளர் வேலை கிடைத்திருக்கிறது. மகளுக்கு ஒன்றரை வயது. அந்த ஊர் மண்ணெல்லாம் ஈயம், குழந்தையை அழைத்துப் போகாதே என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். அவரை மட்டும் அனுப்பிவிடலாமா? போனால் எப்படிப் பாதுகாப்பாக இருப்பது?

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கணவர் மட்டும் போகட்டும். நல்ல வீடு அமைந்ததும் நீங்களும் மகளும் போய்ச் சேருங்கள். ஆண்டுக்கணக்கில் பிரிந்திருக்கத் தேவையில்லை. ஆனால் கிடைத்த வீட்டில் குழந்தையோடு போய் இறங்கிவிடவும் கூடாது. அந்த ஊரில் எல்லாமே வீட்டைப் பொறுத்தது.

"ஈயச் சொம்பில் ரசம் வைத்துக் குடித்தவர்கள்தானே நாம்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் கேட்காதீர்கள். அந்தச் சொம்பு வெள்ளீயம். ப்ரோக்கன் ஹில்லில் தோண்டுவது காரீயம், அது நஞ்சு. 1883-இல் கண்டறியப்பட்ட வெள்ளி, காரீய, துத்தநாகத் தாது ஊருக்கு நடுவிலேயே ஓடுகிறது. நூற்றாண்டுக்கும் மேலாகத் தோண்டியதில் எழுந்த தூசி கூரைக்கு அடியிலும் கொல்லை மண்ணிலும் படிந்து கிடக்கிறது.

ஒரு வெள்ளைத் துணியை நனைத்து ஜன்னல் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். துணியில் ஒட்டும் அந்தச் சாம்பல் நிறத் தூசிதான் நம் கவலை. கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன பந்தை எடுக்க உங்கள் மகள் தவழ்ந்து போவாள், பந்தோடு திரும்புவாள், அடுத்த நொடி விரல் வாய்க்குள் இருக்கும். ஈயம் உடலுக்குள் போகும் முக்கிய வழி இதுதான். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும். சிறு குழந்தைகளுக்குப் பாதி வரை சேர்ந்துவிடும். வளரும் மூளையை அது பாதிக்கிறது.

வீடு பார்க்கும்போது உங்கள் கணவர் தாதுப் பாறை வரிசையிலிருந்து தள்ளியிருக்கும் தெருக்களில் தேடட்டும். பழைய வீடு என்றால் பெயிண்ட் உரிந்திருக்கிறதா, மேற்கூரைப் பலகையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பெயிண்டிலேயே ஈயம் உண்டு. விரிசல் வழியாகக் கூரைத் தூசி கொட்டும். கொல்லையில் வெற்று மண் தெரியக் கூடாது; புல்லோ சரளையோ மூடியிருக்க வேண்டும். தண்ணீரில் இயங்கும் குளிரூட்டி வெளிக்காற்றை இழுத்து உள்ளே விடும். புழுதிக்காற்று அடிக்கும் நாளில் அதை நிறுத்திவிட வேண்டும்.

குடியேறிய பிறகு துடைப்பத்தைத் தொடாதீர்கள். உலர்ந்த தரையைப் பெருக்கினால் தூசி எழும்பிக் குழந்தை மேலேயே படியும். ஈரத் துணியால் துடையுங்கள். செருப்பை வாசலில் விடும் நம் பழக்கம் அங்கே பெரிய பாதுகாப்பு. கையால் சாப்பிடுவதை விட வேண்டியதில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள். உங்கள் கணவர் சுரங்கத்திலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வர வேண்டும். வேலை உடைகளைக் குழந்தையின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

கீரைப்பாத்தி போட ஆசை வரும். ஊர் மண்ணில் போடாதீர்கள். பெட்டி கட்டி, கடையில் வாங்கிய மண்ணை நிரப்பிப் போடலாம். கோழி வளர்ப்பதும் வேண்டாம். மண்ணைக் கிளறித் தின்னும் கோழியின் முட்டையில் ஈயம் சேரும். குழாய்த் தண்ணீர் மரே ஆற்றிலிருந்து குழாய் வழியாக வருகிறது, அதைக் குடிக்கலாம். கூரையிலிருந்து தொட்டியில் பிடித்த மழைநீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

குழந்தையைப் பசியோடு விளையாட விடாதீர்கள். வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் உறிஞ்சப்படும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்தாலும் அப்படித்தான். கீரை, பருப்பு, முட்டை, இறைச்சி, பால், தயிர் எல்லாம் அவள் தட்டில் தவறாமல் இருக்கட்டும். நீங்கள் மீண்டும் கருவுற்றால் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் ஈயத்தைப் பற்றிப் பேசுங்கள்; அது தாயிடமிருந்து கருவுக்குப் போகும்.

பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். குழந்தை ஓடும், சிரிக்கும், நன்றாகவே தெரியும். இரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும். அந்த ஊரில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது இலவசம். விரல் நுனியில் ஒரு குத்து, அவ்வளவுதான். ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) இரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமைத் தாண்டினால் அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது ஆஸ்திரேலிய வழிகாட்டுதல். அங்கே பல குழந்தைகளுக்கு இந்த அளவு தாண்டுகிறது. தாண்டினால் மறைக்காதீர்கள், வெட்கப்படவும் எதுவுமில்லை. வீட்டுக்கே வந்து பார்த்து, எங்கே சரிசெய்ய வேண்டும் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

போய் இறங்கிய முதல் வாரத்திலேயே முதல் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். அந்த எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை எண் ஏறியிருந்தால், அது அந்த வீட்டிலிருந்து வந்ததா என்று தேட அந்த முதல் எண்தான் கைகொடுக்கும்.